அவர் எண்ணில் நான் எழுதிய பரீட்சை

எங்கள் தெருவில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் ஆறாம் வகுப்பு படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், வங்கிச் சலான் எல்லாம். அம்மா சீசன் சமயத்தில் குற்றாலம் அருவிக்குப் போகும் வழியில் துண்டும் எண்ணெய்ப் பொட்டலமும் விற்பாள். அவளும் கைநாட்டு, அப்பாவும் கைநாட்டு. எங்கள் வீட்டில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். ஒரு கட்டத்தையும் விடாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்புவேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இதை எழுத இவ்வளவு நாள் ஆனதற்கும் அந்தக் கர்வம்தான் காரணம்.

பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தேன். தென்காசியில் முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் என்.சி.சி. பிள்ளைகளில் சிலருடைய கல்லூரிச் செலவை ஏற்றுக்கொள்ளும். எனக்கு அது கிடைத்தது. எந்தப் பாடமும் விட்டுப்போகக் கூடாது என்பது நிபந்தனை. விட்டால் உதவி அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அது போனால் நானும் அம்மாவோடு துண்டு விற்க வேண்டியதுதான்.

சங்கத்தில் ஒரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு உதவியும் பணியில் இறந்துபோன இந்தப் பக்கத்து வீரர் ஒருவருக்காகக் கொடுக்கப்படுவது. ஆண்டுக் கூட்டத்தில் அவர்களுக்கு ரோல்கால் எடுப்பார்கள். பெயரை வாசித்தால் வீட்டுப் பெண்கள் உடைந்துபோகிறார்கள் என்று ராணுவ எண்ணை மட்டும் வாசிப்பார்கள். அந்த எண்ணுக்குரிய பிள்ளை எழுந்து விறைப்பாக நின்று "பிரசென்ட் சார்" என்று சொல்ல வேண்டும்.

"தூக்கத்துல கேட்டாலும் நம்பர் வரணும். அங்கன நின்னுட்டு முழிக்கப்பிடாது, கேட்டியா?" என்றார் செயலாளர். அவர் ஓய்வுபெற்ற சுபேதார்.

எனக்குக் கொடுத்த எண் ஏழு இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன். கூட்டத்தன்று எண் வந்ததும் எழுந்து சொன்னேன். முன் வரிசையிலிருந்த அந்த வீரரின் மனைவி திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பார்த்தார். அவருடைய கணவர் என்னைவிட உயரமாக இருந்திருப்பார் போல.

அதற்குப் பிறகு அந்த எண் என்னை விடவில்லை. ரீசார்ஜ் கடையில் நம்பர் கேட்டால் அதுதான் முதலில் வாயில் வரும். அருவியில் தலையைக் கொடுத்து நின்றால் வேறு எதுவும் காதில் விழாது. அது மட்டும் விழும்.

முதல் பருவத்தேர்வு முடிவு வந்தது. வேதியியலுக்கு நேரே 'வரவில்லை' என்று இருந்தது.

"போவாமலா இருந்த? காலையில நாந்தானட்டி இட்லி கட்டிக் குடுத்தேன்?" என்றாள் அம்மா.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருந்தேன். கூடுதல் தாள் கேட்டு வாங்கியதுகூட நினைவிருந்தது. ஆனாலும் கல்லூரிக்குப் போகும் வழியெல்லாம், அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நான்தானா என்று சந்தேகமாக இருந்தது.

தேர்வு அலுவலக மேடம் தனியாக வைத்திருந்த ஒரு விடைத்தாளை எடுத்துப் போட்டார். "இது ஒன் கையெழுத்தா? யாரு நம்பரும்மா இது? நம்ம காலேஜ்ல இப்படி நம்பரே கெடையாதே."

எழுத்து என்னுடையது. பதிவு எண் எழுதும் இடத்தில் அந்த வீரரின் ராணுவ எண் இருந்தது. கட்டத்துக்கு ஒன்றாக, அடித்தல் இல்லாமல், அழகாக. பக்கத்தில் கண்காணிப்பாளரின் கையெழுத்தும் இருந்தது.

"திருத்துறவங்களுக்கு அடையாளம் வச்சிருக்கன்னு சொல்லிருவாங்க. அது மால்பிராக்டிஸ். இது என்ன நம்பர்னு ஆதாரம் கொண்டா, திங்கக்கிழமைக்குள்ள."

சுபேதாரிடம் போனேன். "ஏட்டி, ரோல்கால்ல சொல்லச் சொன்னா பரீட்சையிலயா போய்ச் சொல்லுவ?" என்று பெரிதாகச் சிரித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பென்ஷன் புக்குல நம்பர் இருக்கும். அது அவரு வீட்டம்மாட்டதான் இருக்கு. போய்க் கேளு."

யாரிடமும் போய்க் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். இலத்தூரில் அந்த வீட்டு வாசலில் நெடுநேரம் நின்ற பிறகுதான் "அத்தை" என்று கூப்பிட்டேன். சொன்னதை முழுதும் கேட்டார். புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை என்னோடு வந்தார்.

மேடம் இரண்டு எண்களையும் ஒத்துப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரரா? அவரையே ஒரு லெட்டர் எழுதித் தரச் சொல்லுங்களேன்."

அத்தை என்னைப் பார்த்தார். அந்த எண்ணைக் கேட்டால் நான்தானே எழுந்து நிற்பவள்.

"அவர் இல்ல மேடம். இறந்துட்டாரு."

மேடம் மன்னிப்புக் கேட்டார். அத்தை விடைத்தாளை மெல்லப் புரட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இவ்வளவுமா எழுதியிருக்கு?"

"ஆமா அத்தை."

"அவருக்கு ரெண்டு வரிக்கு மேல ஓடாது. நல்லாருக்கேன், நல்லாரு. அம்புட்டுத்தான் லெட்டரு." கடைசிப் பக்கம் வரை பார்த்தார். "பாஸாயிருவாரா?"

மேடத்தின் பேனா நின்றது. அந்தச் சொல்லை நாங்கள் இருவருமே திருத்தவில்லை.

"ஆயிருவாரு அத்தை," என்றேன்.

மேடம் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த எண்ணின் மேல் கோடு இழுக்கப் போனார். அத்தை தாளின் மேல் கையை வைத்தார். "அடிக்காதீங்கம்மா. எடமிருக்குல்லா, பக்கத்துல எழுதுங்க."

அப்படியே செய்தார். என் எண் அவர் எண்ணுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது. முடிவு வந்தபோது தேறியிருந்தேன், அந்தப் பருவத்தில் வேதியியலில்தான் அதிக மதிப்பெண். உதவி நிற்கவில்லை.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அத்தை அதே முன் வரிசையில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் மஞ்சள் பையை வைத்து, யாரையும் உட்கார விடவில்லை. சுபேதார் எண்ணை வாசித்தார். எழுந்து விறைப்பாக நின்றேன். எனக்கு முன்னால் வேறு யாராவது சொல்லிவிடுவார்களோ என்று ஒரு கணம் காத்திருந்தேன்.

யாரும் சொல்லவில்லை. பிறகு நான் சொன்னேன்.