பனிமூட்டத்தில் நான் சொன்ன பதில்

2004 ஏப்ரல். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்து, பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. நாங்கள் அப்போது கொடைக்கானல் மலையில் கவுஞ்சி கிராமத்தில் இருந்தோம். பழனிக்குப் போய் கோச்சிங் சேர வசதியில்லை. கணக்கும் வேதியியலும் எனக்குப் பயமில்லை, இயற்பியல்தான் எமன். அதில் கோட்டை விட்டால் அப்பாவோடு பூண்டுக் காட்டுக்குத்தான் என்று நானே முடிவுகட்டி, ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரப் படிப்பு என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். என் பிடிவாதம் வீட்டில் பிரசித்தம். யாரும் தடுக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு காலையில் நோட்டைத் திறந்தால், நான் பாதியில் விட்ட கப்பிக் கணக்கு முழுசாகப் போட்டிருந்தது. விடையும் சரி. கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் போட்ட ஞாபகம் இல்லவே இல்லை. பயந்திருக்க வேண்டும் இல்லையா? நான் சந்தோஷப்பட்டேன். தூக்கத்திலும் மூளை படிக்கிறதே, இதைவிட என்ன வேண்டும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. நான்கு நாள் கழித்து மூன்று பக்கம் நிறைய ஒரே வரி இருந்தது. புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு. அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மறுநாள் மதியம் பனி இறங்கியது. எங்கள் ஊரில் பனிக்குள் நடப்பவர்கள் 'கூ' என்று குரல் கொடுப்பார்கள். கேட்பவர் தன் பேரைச் சொல்ல வேண்டும். பேர் வராவிட்டால் காட்டெருமை என்று ஒதுங்கிக்கொள்வார்கள். நான் காட்டுக் கொட்டகையில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிட்டது கேட்டது. "வெரசா வா."

எழுந்து போனேன். குரல் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி கூப்பிட்டது. காலடியில் ஈரப் பூண்டுத் தாள் மிதிபட்டது; பிறகு வெறும் புல். அம்மாவின் குரல் மட்டும் ரொம்பப் பக்கத்தில், அத்தனை பிரியமாக.

பின்னாலிருந்து யாரோ என் சடையைப் பிடித்து இழுத்தார்கள். பக்கத்துக் காட்டு அத்தை.

"அசையாத புள்ள. கீழ பாரு."

பார்த்தேன். அடுத்த அடியில் தரை இல்லை. பள்ளத்திலிருந்து பனி புகைந்து மேலே வந்துகொண்டிருந்தது.

"அம்மா கூப்பிட்டாங்க அத்தை."

"உங்கம்மா வெள்ளனே பூண்டு மூட்டையோட சந்தைக்குப் போயிட்டாள்ல. நாந்தான் பின்னால இருந்து கூ, கூன்னு தொண்ட கிழியக் கூவுறேன். நீ பேரச் சொல்லுவேன்னு பாத்தா, ஒம்பது புள்ளி எட்டு, ஒம்பது புள்ளி எட்டுன்னு சொல்லிக்கிட்டே போற. என்னமோ சரியில்லன்னு அந்தச் சத்தத்தப் பிடிச்சுத்தான் ஓடியாந்தேன்."

நான் வாயே திறக்கவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அம்மா வந்ததும் செய்த முதல் வேலை, அட்டவணையைக் கிழித்ததுதான். மறுநாள் முழுக்கத் தூங்கினேன். எல்லாம் தூக்கம் கெட்டதால் வந்தது என்றார் கொடைக்கானல் டாக்டர். இருக்கலாம். ஆனால் எனக்கு முன்னால் போய் 'வெரசா வா' என்றது யார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அதன்பின் தினம் ஆறு மணி நேரம்தான் படிப்பு. காலையில் களையெடுப்பு, இரவு ஒன்பது மணிக்குப் படுக்கை. சுமாரான கல்லூரிதான் கிடைத்தது, ஆனால் கிடைத்தது.

இப்போது மாலையில் வீட்டில் இயற்பியல் ட்யூஷன் எடுக்கிறேன். "மூணு நாளா தூங்கல மிஸ்" என்று எந்தப் பிள்ளையாவது பெருமையடித்தால், புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். கண்டிப்பான டீச்சர் என்று பெயர், இருக்கட்டும். யாரென்று கேட்டால் தன் பேரைச் சொல்லும் அளவுக்காவது தூங்கிவிட்டுத்தான் ஒரு பிள்ளை படிக்க வேண்டும் என்பதை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்ற நான் எவருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.