வைப்பருக்கு அடியில் கிடந்த சட்டை

பாப்பிரெட்டிப்பட்டி மெக்கானிக் குப்புராஜுக்குப் பழைய கார் என்றால் உயிர். அதைக் கவனிக்காமல் போட்டுவைக்கிறவர்கள் என்றால் எரிச்சல். மாதவராஜின் அம்பாசிடரில் வைப்பருக்கு அடியில் மக்கிக் கிடந்த புளிய இலைகளைத் திட்டிக்கொண்டே வாரியபோது, முழுசாக ஒரு பாம்புச் சட்டை கையோடு வந்தது. அதைச் சாமி படத்தடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். இனித் தண்ணீரும் நுழையாது, பாம்பும் நுழையாது என்று துருவைச் சுரண்டி, டேஷ்போர்டுக்குள் போகும் ஓட்டைகளையெல்லாம் சீலன்ட் பசை வைத்து இறுக அடைத்தார்.

மறுநாள் மாதவராஜின் மனைவி காருக்குள்ளிருந்து போன் செய்தார்.

"மஞ்சவாடி கணவாய் எறங்கிட்டிருக்கோமுங்கண்ணா. நல்ல மழை, ஒரு சொட்டு உள்ள வரல. ஆனா டேஷ்போர்டுக்குள்ள ஏதோ ஒரசுற சத்தம் கேக்குதுங்க."

கையில் எடுத்தபோது அந்தச் சட்டை அப்போதுதான் உரித்ததுபோல் ஈரம் காயாமல் இருந்தது குப்புராஜுக்கு இப்போதுதான் உறைத்தது.