ஊனா மாட்டிய ஸ்டியரிங் பெல்ட்

ஊனா கேலகர் தன் வாழ்நாளில் அதிகம் சொன்ன வார்த்தை எது என்று கேட்டால் 'தேங்க்ஸ்'தான். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாயே கசந்துபோயிருந்தது.

டோனிகால் மலையடிவாரத்தில் வீடு. கடை, சர்ச், டாக்டர் எல்லாமே எட்டாத தூரம். பஸ் வாரத்துக்கு ஒரு தரம் வந்தால் உண்டு. கணவன் டின்னி கார் ஓட்டிய வரைக்கும் குறை தெரியவில்லை. அவனுக்குக் கண் மங்கி, ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, பக்கத்து வீட்டு மேனஸின் மனைவி ரோஸ்லீன் தயவில்தான் போக்குவரத்து. ரோஸ்லீன் தங்கமானவள். "இதுக்குப் போய் என்னத்துக்குடி தேங்க்ஸ்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். சொல்லாமல் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும், அவள் முகம் போகிற போக்கு.

அறுபதை நெருங்கும் வயதில் ஊனா கார் ஓட்டப் பழகியது இதற்காகத்தான். சாவி டின்னியின் கோட்டுப் பையில் இருக்கும். கேட்டால் எடுத்துக் கொடுப்பான். ஓட்டிவிட்டு வந்ததும் கையை நீட்டி வாங்கிக்கொள்வான். கண்தான் போனதே தவிர அதிகாரம் போகவில்லை.

ஒரு முறை டெஸ்டில் ஃபெயில். மறுபடி தேதி கிடைக்கவே கோடை முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய மாலை, முற்றத்தில் காரைத் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தபோது, பல நாளாகக் கிறீச்சிட்ட ஸ்டியரிங் பெல்ட், அதாவது ஸ்டியரிங்கை லேசாக்கும் பம்பைச் சுழற்றும் பெல்ட், பட்டென்று அறுந்தது. அடுத்த நொடியே ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இருந்த பலத்தையெல்லாம் போட்டும் பாதிக்குமேல் திரும்பவில்லை. சட்டை ஃபேக்டரியில் காலமெல்லாம் தைத்த மணிக்கட்டு, அதற்குமேல் என்ன செய்யும்?

கராஜுக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமைக்கு முன்னால் கையே வைக்க முடியாது என்றார்கள்.

"ரோஸ்லீன் காரைக் கேளேன்," என்றான் டின்னி.

"டெஸ்டுக்கும் அவ காரா? அதுக்கு நான் ஃபெயிலாவே இருந்துட்டுப் போறேன்."

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"பெல்ட் மாட்டப் போறேன்."

டின்னி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது.

ராத்திரியே ஊனா போனில் சொல்லிவைத்தபடி, காலையில் ரொட்டி வேன்காரர் ரொட்டியோடு டவுனிலிருந்து புது பெல்ட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் ஒரு தேங்க்ஸ் ஆயிற்று. ஊனா கார் பானெட்டைத் தூக்கினாள். அந்த ஊரில் பானெட் திறந்தால் ஆண்பிள்ளைகளுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, மேனஸ் வேலி தாண்டி வந்துவிட்டான். டிராக்டரில் அந்த வழியாகப் போன ஊர்க்காரன் பாட்ஸியும் இறங்கினான். இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செத்த மாட்டைப் பார்ப்பதுபோல் எஞ்சினைப் பார்த்தார்கள்.

"தள்ளிக்கோம்மா ஊனா, இது பொம்பளை வேலை இல்ல," என்று மேனஸ் ஸ்பானருக்குக் கை நீட்டினான்.

"கெட்டில் கொதிக்குது மேனஸ். டின்னி தனியா இருக்கான். பழ ரொட்டி வெட்டி வச்சிருக்கேன், வெண்ணெயும் அங்கயே இருக்கு."

வெண்ணெய் என்றதும் இருவரும் உள்ளே போய்விட்டார்கள். ஊனா பம்பைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, பம்பை எஞ்சின் பக்கம் தள்ளி, புது பெல்ட்டை எஞ்சினிலும் பம்பிலும் இருந்த சின்னச் சக்கரங்களில் ஏற்றினாள். மண்வெட்டிக் காம்பால் பம்பை நெம்பிக்கொண்டே போல்ட்டை முடுக்கினாள்.

"ஃபிடில் தந்தி மாதிரி விறைப்பா இழு," என்று ஜன்னலிலிருந்து மேனஸின் குரல் வந்தது. வாயில் ரொட்டி.

அந்தப் பேச்சைக் கேட்டது தப்பு. இழுத்து முடுக்கி ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் ஊளையிட்டது. கோப்பையும் கையுமாக இருவரும் ஓடிவந்தார்கள்.

"பம்ப் போச்சு," என்றான் பாட்ஸி, கொஞ்சம் சந்தோஷமாகவே. "இனி டெஸ்ட் எங்க?"

மத்தியானம் டெஸ்ட். ஊனா எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அசையவே இல்லை. அந்த விறைப்பு அவளுக்குத் தெரியும். தையல் மெஷின் பெல்ட் அப்படி இருந்தால் மோட்டார் கருகிப்போகும், தொய்ந்தால் தையல் தாவும். மெக்கானிக் வரும்வரை காத்திருந்தால் கூலி போய்விடும் என்று, ஃபேக்டரியில் தன் மெஷின் பெல்ட்டை அவளே மாற்றிக்கொண்ட நாட்கள் எத்தனையோ.

"பம்ப் ஒண்ணும் போகல. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க," என்றாள்.

போல்ட்டைத் தளர்த்தி, விரலுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும்படி விட்டு, மறுபடி முடுக்கினாள். ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்கை இடது கோடி வரை திருப்பினாள். பிறகு வலது கோடி. ஒரே விரலில் சுற்றியது. முனகல்கூட இல்லை.

வாசலில் நின்றிருந்த டின்னி தலையைச் சாய்த்துக் கேட்டான். "இப்பச் சரி," என்றான். அந்தக் காரை ஆயுசு முழுக்க ஓட்டிய மனிதன் சொன்னது. ஊனாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டுமே, மேனஸ் டவுன் வரை கூட வந்தான். இதுதான் கடைசி தேங்க்ஸ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவனுக்கும் ஒன்று சொன்னாள். டெஸ்ட் எடுத்த அதிகாரி பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஸ்டியரிங்கை எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்டார். ஊனா பெல்ட்டில் ஆரம்பித்தாள். மண்வெட்டிக் காம்புக்கு வந்தபோது, போதும் அம்மா என்று கையை உயர்த்தித் தடுத்தார். அவள் நகத்துக்கடியில் கிரீஸ் கறுப்பாக இருந்ததைப் பார்த்திருப்பார். முட்டுச்சந்தில் காரைத் திருப்பச் சொன்னபோது, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் திரும்பியது.

மேனஸை அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, தன் முற்றத்தில் ஒரு வட்டமடித்து நிறுத்தினாள். டின்னி வாசலிலேயே காத்திருந்தான்.

"வண்டி வாயே திறக்கல," என்றான். "பாஸா?"

"பாஸ்."

பழக்கதோஷத்தில் சாவியை அவன் கையில் வைத்தாள். டின்னி அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவள் கையிலேயே திணித்தான்.

"இது எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்க. வெள்ளிக்கிழமை என்னை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போ."

"கூட்டிட்டுப் போறேன்," என்றாள் ஊனா. "ஆனா இறங்கறப்ப தேங்க்ஸ் சொல்லணும்."