தொட்டிப்பள்ளத்தில் தண்ணீர் குறைந்த நாள்

என் தங்கை துளசிமணி தொட்டிப்பள்ளம் வனப் பூங்காவில் அருவிக் காவல் பார்க்கிறாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் எங்கே நின்று குளிக்கலாம், எங்கே இறங்கக் கூடாது, எப்போது மேலே ஏறிவிட வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. சேலைக்கு மேல் ஒரு பச்சைச் சட்டை, கையில் மூங்கில் தடி, கழுத்தில் விசில். கோவைக்கு மேற்கே, பாக்குத் தோப்புகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அந்தப் பூங்கா இருக்கிறது.

பள்ளம் என்றால் எங்கள் பக்கம் ஓடை. மலை மேலே சோலைக்காட்டில் ஊறும் தண்ணீர் கரும்பாறை வழியே இறங்கி மூன்று தொட்டிகளில் விழுகிறது. அவை யாரும் வெட்டிய தொட்டிகள் அல்ல. வெள்ளம் உருட்டி வந்த கற்கள் பாறைக் குழியில் மாட்டிக்கொண்டு, வெளியே போக வழியில்லாமல் சுழன்று சுழன்று குடைந்தவை. பங்குனியில் தண்ணீர் வற்றும்போது எட்டிப் பார்த்தால் அந்தக் கற்கள் அடியில் முட்டை போல உருண்டு கிடக்கும். முதல் தொட்டியில் முழங்கால் அளவு நிற்கும். இரண்டாவதில் இடுப்பளவு. மூன்றாவதில் யாரையும் இறங்க விடுவதில்லை.

அருவிக்குப் போகும் பாதை, வெள்ளைக்காரர் காலத்தில் மரம் இறக்கப் போட்ட வண்டித்தடம். கல் பாவியது இன்னும் பெயராமல் இருக்கிறது. பாதி வழியில் ஒரு புலிகுத்திக்கல் உண்டு. ஓர் ஆள் ஈட்டியால் புலியைக் குத்துவதுபோல அதில் செதுக்கியிருக்கிறது. எழுத்து எதுவும் இல்லை. மாடு மேய்க்க வந்தவன் என்று கீழூர்க்காரர்கள் சொல்வார்கள், காவலுக்கு இருந்தவன் என்று மேலூர்க்காரர்கள். துளசி வருகிறவர்களிடம் இரண்டையும் சொல்வாள். "புலி செத்துதா, ஆளு செத்தானான்னு கல்லு சொல்லலீங்க. கல்லு நட்டிருக்கறதப் பாத்தா அவந்தான் போயிருப்பான்" என்று முடிப்பாள்.

நாங்கள் கருமத்தம்பட்டியில் பிறந்தவர்கள். தறிக் குடோனை ஒட்டிய அறையில்தான் வளர்ந்தோம். நான் எட்டாவது வரை படித்தேன், அவள் ஒன்பதாவது முடித்தாள். தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குக் குரல் தணித்துப் பேச வராது. அதோடு, எதிரில் இருப்பவர் சொல்வதை உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் பழக்கமும் வந்துவிடும். இன்னொரு பழக்கமும் உண்டு. தறியின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கை முதலில் தறியை நிறுத்திவிடும். எந்த இழை அறுந்தது, எது தளர்ந்தது என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்போம். பல சமயம் ஒன்றுமே இருக்காது. மறுபடி ஓட்டிவிட்டுப் போவோம்.

கதிர்வேலுக்குக் கட்டிக்கொடுத்து அவள் மலையடிவாரத்துக்குப் போனாள். அங்கே பாக்குத் தோப்பு, இரண்டு மாடு. பூங்கா திறந்தபோது ஊர் வனக்குழு மூலமாக ஆட்களைச் சேர்த்தார்கள். துளசிக்கு முதலில் கூட்டும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வனவர் ஆல்வின் அருவி இரைச்சலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி நின்றபோது, அவள் விளக்குமாற்றுடன் நின்ற இடத்திலிருந்தே ஒரு குரல் கொடுத்தாள். அருவியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மறுநாள் விசில் அவள் கழுத்துக்கு வந்தது.

கல்லூரிப் பையன்கள் தண்ணீருக்குள் நின்று ஒருவன் காதில் ஒருவன், "அந்தக் கெழவி அக்கட்டப் போனதும் மூணாவதுல குதிக்கலாம்டா" என்பார்கள். பாறை மேலிருந்து துளசி, "கெழவி அக்கட்டப் போகமாட்டாளாமா தம்பி, இங்கியேதான் இருப்பாளாமா" என்பாள். பையன்கள் வெலவெலத்துப் போவார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அந்த விசில் அவள் கையை விட்டுப் போகப் பார்த்தது ஓர் ஆடிப் பதினெட்டு நோம்பியில்.

என் மகள் சாய்ப்ரியாவுக்கு அது தலை ஆடி. மாப்பிள்ளை தீபக்கின் அப்பா திருமலைசாமி பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு ஒரம்பரையாக, விருந்தாளியாக வந்திருந்தார். அருவியில் குளித்துவிட்டுக் கட்டுச்சோறு சாப்பிடலாம் என்று நான்தான் கூட்டிப்போனேன். என் தங்கைதான் அங்கே எல்லாம் என்று வேனில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெயில் சுள்ளென்று இருந்தது. அருவி நிறையச் சனம். நாங்கள் துண்டை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது, கீழே இருந்தவர்கள் சந்தோஷமாகக் கூவினார்கள். இரண்டாவது தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தது. குழந்தைகளைக்கூட நிற்க வைக்கலாம் போல ஆகிவிட்டது. எல்லோரும் முதல் தொட்டியிலிருந்து இரண்டாவதுக்கு நகர்ந்தார்கள்.

துளசி பாறை மேல் நின்று அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விசிலை ஊதினாள். நிறுத்தாமல் ஊதினாள்.

"எல்லாரும் மேல ஏறுங்க. துணி கெடக்கட்டும், ஏறுங்க."

சனம் ஓடி ஏறியது. வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் ஈரப்பாறையில் வழுக்கிக் கால் பிசகி விழுந்தார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் மேலே வந்த பின் துளசி படிக்குக் குறுக்கே சங்கிலியை இழுத்துப் பூட்டினாள். உச்சிக் குடிலில் இருக்கும் காவலரை வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள். பதில் இல்லை. மேலே மூடுபனி என்றால் அப்படித்தான் ஆகும்.

நான் அருகில் போனேன். "என்ன கண்ணு ஆச்சு? வானத்துல ஒரு மேகமில்ல."

"இங்க இல்லீங்ணா. மேல பேஞ்சிருக்கும். ஆடி மாசத்துல தண்ணி திடீர்னு கொறையலாமா? மரம் கிரம் உழுந்து மேல அடைச்சுட்டு நிக்குதாட்ட இருக்குது. அது ஒடச்சுட்டு வந்தா ஓடறதுக்கு நேரமிருக்காது."

"சரி. ஒரம்பர மட்டும் மொதத் தொட்டியில ஓரமா நின்னு தலைய நனைச்சுட்டு வந்தரட்டும். சம்பந்தி அம்புட்டுத் தூரத்திலிருந்து வந்திருக்காரு."

"அவிங்களும் மனுசங்கதானுங்ணா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திருமலைசாமி தோளில் துண்டோடு அரை மணி நேரம் நின்றார். பிறகு, "ஏனுங் அம்மணி, வெள்ளம் எந்த பஸ்ல வருதுங்க? போன் பண்ணிக் கேட்டுப் போடலாமே" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வந்தா உங்களையத்தான் மொதல்ல எழுப்புவேனுங் மாமா. போய்ச் சாப்புட்டுத் தூங்குங்க" என்றாள் துளசி.

மதியம் தாண்டியும் வெள்ளம் வரவில்லை. ஆல்வின் இரண்டு காவலர்களோடு மேலே ஏறிப் போய்விட்டு வந்தார். மரம் விழவில்லை. மழையும் பெய்யவில்லை. ஊருக்குக் குடிநீர் எடுக்கும் தடுப்பணையில் வால்வைத் திறந்து தண்ணீரைக் குழாய்க்குத் திருப்பியிருந்தார்கள். நோம்பிக்கு ஊரில் தண்ணீர் கூடுதலாக வேண்டும் என்று கேட்டார்களாம். பூங்காவில் யாரிடமும் சொல்லவில்லை.

இதைக் கேட்டதும் பலர் திட்டிக்கொண்டே வண்டி ஏறினார்கள். நாங்கள் வண்டி நிறுத்துமிடத்துப் புங்கமரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்தோம். சம்பந்தி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரம்பரை பேசாமல் சாப்பிடுவது எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை.

அன்று சாயங்காலம் துளசியைத் தனியாகப் பார்த்தேன். "வெள்ளம் வந்திருந்தா உனக்குப் பேராயிருக்கும்" என்றேன்.

"என்ன பேசறீங்ணா? அந்தம்மா ஏற முடியாமக் கெடந்தாங்களே, அப்ப வந்திருந்தா? வராதது நல்லதுங்ணா."

மூங்கில் தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, "கால் பிசகுனதுதான் மனசுக்குச் சங்கட்டமா இருக்குது" என்றாள்.

அடுத்த வாரம் வனக்குழு கூடியது. கால் பிசகிய அம்மாளின் வீட்டார் புகார் கொடுத்திருந்தார்கள். ஊரிலும் ஏதாவது வீணாகப் பயந்தால் "துளசி வெள்ளம்" என்று கேலி பேசத் தொடங்கியிருந்தார்கள். அவளைக் காவலில் வைப்பதா, எடுத்துவிடுவதா என்பதுதான் பேச்சு. நான் முதல் பஸ் பிடித்துப் போனேன். கூட்டம் நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையில் நடந்தது. "நீங்க உக்காரலாம், பேசக் கூடாதுங்க" என்றார் ஆல்வின். உட்கார்ந்தேன்.

குழுத் தலைவி மாரியாத்தாள் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "தப்புன்னு ஒத்துக்கறயா?"

"ஒத்துக்கறேனுங்கக்கா. மரம் உழுந்திருக்குமுன்னு நெனச்சது தப்பு."

"சரி. இனிமேல் ஊதறதுக்கு முன்னால ஆல்வின் சாரைக் கேட்டுப்போட்டு ஊது. அவ்வளவுதான், உன்ற வேலை உனக்கு."

முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். துளசி தலையை ஆட்டினாள்.

"கேக்கறேனுங்கக்கா. ஊதிப்போட்டுக் கேக்கறேன்."

"அதுக்கென்னடி அர்த்தம்?"

"சார் காட்டுக்குள்ள இருப்பாரு. வாக்கிடாக்கி எடுக்காது. நான் கேட்டுட்டு நிக்கறப்ப கீழ கொழந்தைங்க நிக்கும். தறியில சத்தம் மாறுச்சுன்னா நாங்க மொதலாளியக் கேட்டுட்டா நிறுத்துவோம்? நிறுத்திப்போட்டுத்தான் பாப்போம். மறுக்கா தண்ணி கொறஞ்சாலும் ஊதிப்போடுவேனுங்க. முன்னாலயே சொல்லிப்போடறேன்."

எழுந்து போய் அவள் வாயைப் பொத்தலாமா என்று எனக்கு இருந்தது.

மாரியாத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப விசிலக் கழட்டி வெய்யி."

துளசி கழற்றி மேசை மேல் வைத்தாள். நான் குனிந்துகொண்டேன்.

"யாரு எடுத்துக்கறீங்க?" என்று மாரியாத்தாள் கேட்டார்.

டிக்கெட் கொடுக்கிறவர் தனக்குக் காது மந்தம் என்றார். வண்டி நிறுத்துமிடத்து ஆள், வெயிலே தனக்கு ஒத்துக்கொள்கிறது, ஈரம் ஆகாது என்றார். சமையல் கொட்டகைப் பெண் சிரித்துவிட்டு, "நான் ஊதறதுக்குள்ள நானே மொதல்ல ஓடிருவேனுங்க" என்றாள். யாரும் கை நீட்டவில்லை.

ஆல்வின் சொன்னார். "வேணுமுன்னு யாரும் ஊதறதில்லீங்க. அன்னிக்கு மேல வால்வு தொறந்தவங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தக் கூட்டமே கெடையாது."

மாரியாத்தாள் விசிலைத் துளசியின் பக்கம் தள்ளினார். "எடுத்துக் கழுத்துல போடு. இனிச் சொல்லாம ஒருத்தரும் வால்வைத் தொடக் கூடாது. அந்தம்மாளப் போய்ப் பாத்துட்டு வா."

துளசி வெள்ளகோவிலுக்குப் பழத்தோடு போனாள். அந்த அம்மாள் நன்றாகத் திட்டிவிட்டு, காப்பி கொடுத்து அனுப்பினாராம். சம்பந்தி ஐப்பசியில் போன் செய்தார். "ஏனுங் சம்பந்தி, தண்ணி கொறையாத நாளாப் பாத்துச் சொல்லுங்க, இன்னொருக்கா வாரோம்" என்றார். அவர் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கார்த்திகை மழைக்குப் பிறகு அவர்களோடு போனேன். அன்று மதியம் மேலே மேகம் கட்டியது, துளசி விசில் ஊதினாள். முன்பெல்லாம் ஒரு விசிலுக்கே அருவி காலியாகிவிடும். இப்போது பாதிப் பேர் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், இரண்டாவது விசிலுக்கு நிற்கிறார்கள். அந்த ஆடி நோம்பியால் அவளுக்கு வந்த நஷ்டம் இதுதான். அவளுக்கும் அது தெரியும். அதனால் அவள் இப்போது முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே ஊதுகிறாள்.