மேசை மேல் மரவள்ளி

கூப்பன் அரிசி சுருங்கி, மாவும் வந்தால் உண்டு என்றாகிவிட்ட எழுபத்து நாலாம் வருஷத்துக்கு முந்திய மழையிலேயே, ராசம்மா தான் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடைக்கரையில் மரவள்ளி ஊன்றிவிட்டாள். இலங்கையில் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான். மிச்சமிருந்தது மகள் லெட்சுமி ஒருத்திதான். அந்தச் சின்னப் பிள்ளைக்கும் பட்டினியில் வயிறு முன்னால் தள்ளி, கால் குச்சியாகிவிட்டது.

தேயிலையே பிடிக்காத கல்லுத் தரை அது. அதையும் பெரிய கிளாக்கர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்.

"தோட்டத்துக் காணியில ஒனக்கு என்னாடி கெழங்கு? ஒங்கப்பன் வாங்கிப் போட்டதா?"

"எங்கப்பன் இந்த மண்ணுக்குள்ளதாங்க கெடக்காரு."

கிளாக்கர் ஒரு செடியை மிதித்துவிட்டுப் போனார். மற்றவை பிழைத்தன. ராத்திரியில் முள்ளம்பன்றி வராதபடி தகரம் கட்டி வளர்த்தாள்.

கிழங்கு திரளும் நேரத்தில் பதுளையிலிருந்து உத்தரவு வந்தது: ஒவ்வொரு தோட்டமும் உணவுப் பயிர் செய்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி பார்க்க வருகிறார். தோட்டம் ஒரு மிளகாய்க் கன்றுகூட நட்டதில்லை. மிதித்த செடி கிளாக்கருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை ராசம்மா மலையிலிருந்து இறங்கி வந்தபோது ஓடைக்கரையில் வெறும் குழிகள். கங்காணி அழகர் மண்வெட்டியோடு நின்றார்.

"ஒரு மூட்டுக் கெழங்காச்சும் விட்டிருக்கலாமே அண்ணே. புள்ள நாளக்கி நாளக்கின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு."

"மேசை நெறையணுமாம் தங்கச்சி. நான் என்னா செய்ய?"

ஆபீஸ் வாசலில் வெள்ளைத்துணி விரித்த மேசை. அதன்மேல் கழுவித் துடைத்த கிழங்குகள், சாமிக்குப் படைத்தது போல. வேரறுந்த தடிகளை முற்றத்தில் வரிசையாக நட்டு, அதுதான் தோட்டத்துப் பயிர் என்று பலகை எழுதி வைத்தார்கள். இலை தொங்கத் தொங்கத் தண்ணீர் தெளித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ஜீப் வந்தது. தொழிலாளர்களை நிறுத்திக் கைதட்ட வைத்தார்கள். மாவுக்கு ஊரே நாயாய் அலையும்போது அவருக்குப் பட்டர் கேக். பாதி தின்றார், ஒரு கிழங்கைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டார், "மனமிருந்தால் பட்டினி ஏது!" என்று சொல்லி ஏறிப் போனார்.

"இதெல்லாம் ஒங்களுக்கே! தோட்டம் சும்மா குடுக்குது!" என்று கத்திக்கொண்டே கிளாக்கர் முதல் கிழங்கை ராசம்மா கையில் திணித்தார்.

முறித்தாள். உள்ளே நீலக்கோடு ஓடி, புளித்த வாடை அடித்தது. தோண்டிய கிழங்கை அன்றைக்கே அவிக்காவிட்டால் கெட்டு நஞ்சாகிவிடும் என்பது லயத்துப் பிள்ளைக்கும் தெரியும். பக்கத்தில் லெட்சுமி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

ராசம்மா கிழங்கை அதிகாரியின் தட்டில் வைத்தாள். ஈ மொய்த்த மிச்சக் கேக்கை எடுத்தாள்.

"ஏய், கைய எடுடி!"

"நீங்க வெளைவிச்ச கெழங்கு, நீங்களே தின்னுங்க ஐயா."

லெட்சுமி கேக்கை மெல்லாமலே விழுங்கினாள். லயத்துப் படி ஏறுவதற்குள் அவ்வளவும் வாந்தியாய் வந்துவிட்டது; காய்ந்த குடல் பட்டரைத் தாங்கவில்லை. ராசம்மா சேலைத் தலைப்பால் மகளின் வாயைத் துடைத்தாள். ஆபீஸ் பக்கம் திரும்பிக் காறித் துப்பினாள்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிடவில்லை. கேக் திருடினாளாம், ஒரு வாரம் வேலை கிடையாது. கிளாக்கர் வேறு பேர்களை வாசித்துக்கொண்டே போனார். ராசம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் கொஞ்சம் கஞ்சித்தண்ணி கேட்க அடுத்த லயத்துக்கு நடந்தாள்.