குளக்கரைச் சிலைக்கு அளவெடுத்த கதை

பேய், பிசாசு எதையும் நம்புகிறவன் இல்லை நான். வாஸ்து பார்த்து கட்டிங் டேபிளைத் திருப்பிப் போடச் சொன்ன முதலாளி முன்னாலேயே சிரித்து, வாங்கிக் கட்டிக்கொண்டவன். நீங்களும் சிரித்துக்கொண்டே கேளுங்கள், பரவாயில்லை.

டெய்லர் கடை வைத்திருந்து, பிறகு அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்தேன். அந்த ஊர்க் குளக்கரையில், உயரமான பீடத்தின் மேல், ஆள் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் சிலை. ரோடு அகலப்படுத்தியபோது அதன் பெயர்க்கல் நொறுங்கியது, கூடவே ஊரும் இரண்டானது. குளத்துக்கு நிலம் கொடுத்த எங்கள் பாட்டனார் என்றார்கள் தோட்டத்துக்காரர்கள். குளம் வெட்டும்போது மண் சரிந்து செத்த எங்கள் ஆள் என்றார்கள் தெற்குத் தெருக்காரர்கள். ஒருவர் போட்ட மாலையை மற்றவர் அறுக்க, கல்வீச்சு வரை போனது. விசாரணை முடியும்வரை சிலையைத் துணியால் மூடுங்கள், சாயங்காலத்துக்குள் மூடாவிட்டால் பெயர்த்துக்கொண்டு போய்விடுவோம் என்று தாசில்தார் சொல்லிவிட்டார். சிலையை விட இரண்டு தரப்புக்கும் மனசில்லை, மூடச் சம்மதித்தார்கள்.

யார் கையால் மூடுவது? பல்லடத்துக்காரன், எதிலும் சேராதவன் என்று என்னைப் பிடித்தார்கள்.

"நம்மூட்டுப் பெரியவருக்குத் தைக்கற மாதிரி நெனச்சுக்குங்க மாஸ்டர்" என்றார் தோட்டத்துக்காரர்களில் மூத்தவர்.

"உங்கூட்டுப் பெரியவருன்னு எப்பங்க முடிவாச்சு?" என்று தெற்குத் தெரு ஆறுமுகம் கேட்க, நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு நழுவினேன்.

மதியம் இரண்டு மணி. நல்ல வெயில். இரண்டு தரப்பும் ஐம்பதடி தள்ளி ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டேன். நாற்பது. டேப் போட்டால் எந்த ஆம்பிளையும் மூச்சைப் பிடித்து நெஞ்சைத் தூக்குவான், என் வாயும் தானாக ஒன்று சொல்லும், அத்தனை வருடப் பழக்கம். அன்றும் சொல்லிவிட்டேன்.

"மூச்ச விடுங்க சாமி."

நம்பினால் நம்புங்கள், டேப் தளர்ந்து தொங்கியது. இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

ஏணிக்கு ஏழு படி. நான் இரண்டில்தான் கால் வைத்ததாக ஞாபகம். ஓடியதுதான் ஓடினேன், ரோட்டுப் பக்கமாவது ஓடினேனா என்றால் இல்லை, நேராகக் குளத்துக்குள். தண்ணீர் இல்லாததால் இன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெயில் மயக்கம் என்று இரண்டு தரப்பும் ஆளுக்கொரு சொம்பு மோர் கொண்டுவந்தார்கள். இரண்டையும் குடித்துத் தொலைக்க வேண்டியிருந்தது, ஒன்றை விட்டால் கட்சி கட்டினதாகிவிடும்.

நடந்ததை வெளியே சொன்னால், மூச்சு விட்டது யாருடைய ஆள் என்று அடுத்த சண்டை வரும். முகமும் மூடுகிற உறையாக, நாற்பதுக்கே வெட்டித் தைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு தலைவழியாக மாட்டினேன். சிலை தப்பியது.

விசாரணை மூன்று வருடமாக நடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை துணி நைந்துபோகும், நான்தான் மாற்ற வேண்டும். முதல் தடவை கழற்றியதை உதறும்போது பார்த்தேன், வெளியே முழுக்கப் புழுதி. உட்பக்கம், வாய் வரும் இடத்தில் மட்டும், நாலு விரல் அகலத்துக்கு ஈரம். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அந்த இடத்தில் எட்டணா அளவுக்கு ஓர் ஓட்டை விட்டு வெட்டுகிறேன்.

சிலையின் சுண்டுவிரலுக்கும் சண்டை போடுகிற ஊர் அது. அந்த ஓட்டை எதற்கு என்று மட்டும் இரண்டு தரப்பிலும் இன்றுவரை ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை.