மருந்துச் சீட்டும் லாரிச் சாவியும்

மக்களே, அன்றைக்கு நான் சாப்பிடாமல் படுத்ததுக்கு வயிற்றுவலி என்று உங்கள் அம்மா சொன்னாள். வயிற்றுவலி இல்லை. கோபம். அது இன்னும் தீரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது நாற்பது தாண்டித்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்று மூத்தவனை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் அவனைப் பற்றிக் கேட்டதெல்லாம் என்னைப் பற்றிக் கேட்ட மாதிரியே இருந்தது. பாதிக் கேள்வியில் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேனாம். "அச்சனையும் ஒருநாள் தனியாப் பார்க்கணும்" என்று என்னைக் காட்டிச் சொன்னார்.

ஒரு வேலையைத் தொட்டால் அடுத்தது கண்ணில் படும். முதல் வேலை அப்படியே கிடக்கும். அதுதான் எனக்கு.

களக்காட்டிலிருந்து எல்லை தாண்டி இங்கே மலையாளத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு லாரியில் வாழைக்குலை ஏற்றி வருவது என் வேலை. இதற்கு டாக்டரம்மா மாத்திரை தருவதற்கு முந்தைய காலத்தில் ஒருதடவை, பின்பக்கக் கயிற்றைக் கட்டும்போது போன் வந்தது. பேசிக்கொண்டே ஏறி வண்டியை எடுத்துவிட்டேன். பாலராமபுரம் வந்ததும் இருபது குலை ரோட்டில். பின்னால் பைக்கில் வந்தவர் தப்பியது அவர் அதிர்ஷ்டம். ஆபீஸில் மேனேஜர் சிரித்தார். "அண்ணாச்சி பாலராமபுரத்துக்காரங்களுக்கு இப்பவே ஓணக்குலை கொடுத்துட்டார்." சாவியை யாரும் கேட்கவில்லை.

மாத்திரை தொடங்கியபோது, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்காமல் வண்டி எடுக்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. மூன்று வாரம் எடுக்கவில்லை. அதன்பிறகு தினமும் காலையில் ஒன்று. இப்போது ஒரு கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த கயிற்றுக்குப் போகிறேன். உங்களுக்கு இது சின்ன விஷயம். ஒன்றரை வருஷமாக ஒரு குலை விழவில்லை.

மருந்துச் சீட்டை எங்கே வைத்தாலும் தொலைப்பேன். நான் தொலைக்காத ஒரே பொருள் ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் எல்லாம் இருக்கிற பிளாஸ்டிக் கவர். சீட்டையும் அதிலேயே வைத்தேன். வண்டி டெஸ்டுக்குப் போகும்போது அந்தக் கவர் முழுசாக ஆபீஸ் மேசைக்குப் போகும். எல்லா டிரைவருக்கும் தெரிந்த விஷயம். கவரைக் கொடுத்தபோது எனக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

டீ நேரம். நாலைந்து டிரைவர்கள் நிற்கிறார்கள். மேனேஜர் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"எந்தா அண்ணாச்சி இது? மனசு டாக்டரோட சீட்டல்லே?"

"ஆமா சாரே. கவனம் நிக்கிறதுக்கு மாத்திரை."

"பைத்தியமா உனக்கு? பிராந்துக்கு மருந்து தின்னுட்டா வண்டி ஓட்டுறே? முதலாளி அறிஞ்சா என் ஜோலி போகும். சாவியை வை."

"நமக்கெல்லாம் சும்மா பிராந்து" என்றான் ஒருத்தன். "அண்ணாச்சிக்குப் பெர்மிட் உள்ள பிராந்து."

எல்லாரும் சிரித்தார்கள். அப்படிச் சொன்னவன் வாயில் புகையிலை. தூக்கம் வராமலிருக்க அவன் பெட்டிக்கடையில் என்னென்ன வாங்கி வாயில் அடக்குகிறான் என்று மேனேஜருக்குத் தெரியும். அவன் சாவி அவன் இடுப்பில். டாக்டர் எழுதித் தந்து நான் போடுவதுதான் குற்றம்.

"மாத்திரையை நிறுத்திட்டேன்னு எழுதிக் கொடு. சாவி தரேன்" என்றார் மேனேஜர்.

"எழுதிக் கொடுத்துட்டு வீட்ல போடும் ஓய். ஆரு பார்க்கப் போறா" என்று பக்கத்தில் நின்றவர் காதில் சொன்னார். சொல்லப்போனால் நல்ல யோசனை. ஆனால் மூத்தவனே, கூட்டாளிகள் வந்தால் நீ உன் மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் எழுதிக் கொடுத்தால், ஒளிக்காதே என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்?

"எழுத மாட்டேன் சாரே. குலை ரோட்டுல விழுந்த அன்னைக்குச் சாவியை வாங்கியிருக்கணும். அன்னைக்குச் சிரிச்சீங்க."

சாவியை வைத்துவிட்டு வந்தேன். அந்த ராத்திரிதான் அம்மா உங்களிடம் எனக்கு வயிற்றுவலி என்று சொன்னது.

மறுநாள், இவர் வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா எழுதித் தந்த லெட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் பிரிக்காமலே, காகிதம் பறக்காமலிருக்க மேசையில் வைத்திருக்கும் கல்லுக்கு அடியில் வைத்தார். ஐந்து நாள் வீட்டில் இருந்தேன். உங்களிடம் எரிந்து விழுந்ததெல்லாம் அந்த நாட்களில்தான். அது உங்கள் தப்பு இல்லை.

ஆறாம் நாள் மேனேஜரிடமிருந்து போன். ஓணத்துக்கு நாலு நாள் இருக்கிறது, களக்காட்டில் வெட்டின குலை கிடக்கிறது, எனக்குப் பதில் வைத்த டிரைவர் ஊருக்குப் போய்விட்டான். "அண்ணாச்சி, வேகம் வா."

போனேன். என் முகத்தைப் பார்க்காமல் சாவியை நகர்த்தினார்.

"லெட்டர் படிச்சீங்களா சாரே?"

"அதுக்கா இப்ப நேரம்? குலை பழுக்குது."

நான் சொன்னது சரி என்று அவர் சாவி தரவில்லை. குலை பழுக்கிறது என்று தந்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை. சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். அவர் காது கேட்காத மாதிரி இருந்தார். தண்ணீர் இல்லாமலே விழுங்கிவிட்டுச் சாவியை எடுத்தேன்.

லெட்டர் இன்னும் கல்லுக்கு அடியில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் மாத்திரையை அந்த மேசை முன்னால் நின்றுதான் போடுகிறேன். தண்ணீரும் அவரிடமே கேட்கிறேன். தருகிறார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.